எதிர்க்கட்சிக்காரியின் நாற்காலி

ஹூஸ்டன்
1981 ஜனவரி 21

அன்புள்ள வெர்னாவுக்கு,

ஜனவரியில் கொசு கடிக்கிற ஊரை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன். நீ அங்கே ஒஹாயோவில் வாசல் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருப்பாய். நான் இங்கே ஜன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன். மார்லீன் நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பாதி நாள் கடல் நடுவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, மீதி நாள் வீட்டில் தூக்கம். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைத் தூங்கவைத்தால் மற்றது எழுந்துகொள்கிறது. பெண்ணுக்குத் துணையாக வசந்தம் வரை நான் இங்கேதான். என் வீட்டுக்காரர் ஸ்டீவ் அங்கே தனியாக என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஸ்லோவாக் கிளப்பில் உட்கார்ந்து பொரித்த மீனும் பீருமாகக் காலம் தள்ளுவார். கொஞ்சம் எட்டிப்பார், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நேற்று புதிய ஜனாதிபதி பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஈரானில் பிடித்துவைத்திருந்த நம் ஆட்களை விட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் கையோடு வந்தது. மார்லீன் அழுதாள், நானும் அழுதேன். பிள்ளைகள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தன.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ குதிக்கக் கூடாது. நவம்பரில் நான் உங்கள் குடியரசுக் கட்சி ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆமாம், நான்தான், டோலரஸ் ஹ்ரபோவ்ஸ்கிதான். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு ஜனநாயகக் கட்சியிலும் சேர்த்துவிட்டதாகவே நினைத்து வளர்ந்தோம். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டோடு என்னை வெளியே தள்ளியிருப்பார். ஆனால் நீயே சொல். ஸ்டீவ் வேலை பார்த்த ஆலையின் கதவு மூடி இத்தனை வருஷமாகிறது. எங்கள் கட்சி ஆட்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஆலைத் தொழிலாளி மாதிரி இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, தேவாலயத்துப் பெண்கள் செய்த பியரோகிக் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஸ்டீவ் இன்னும் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். திரைக்குப் பின்னால் போனேன், போட்டேன், வந்தேன். பிறகு நாள் முழுக்க வாக்குச்சாவடி மேசையில் உன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தேன் பார், அதற்கு எனக்கு ஒரு பதக்கம் தர வேண்டும்.

தேர்தலுக்குத் தேர்தல் தீயணைப்பு நிலையத்தில் நாம் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கும் அந்த மேசையைத்தான் இங்கே நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வருஷம் நீ என்னைப் பார்த்த பார்வை! நான் வெள்ளிக் கரண்டி திருட வந்தவள் போல ஒவ்வொரு கையெழுத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாய். மத்தியானம் என் முட்டைக்கோஸ் நூடுல்ஸை ஒரு வாய் தின்ற பிறகுதான் உன் முகத்தில் இரத்தம் ஓடியது. அப்புறம் தீயணைப்பு வண்டியை அவசரமாக எடுக்க வேண்டிவந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? மேசையை ஒரு பக்கம் நீயும் மறுபக்கம் நானும் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினோம். உன் கால் செருப்பு மேசை இருந்த இடத்திலேயே கிடந்தது. நீ காலுறையோடு நின்றுகொண்டு, "யாரும் வரிசைய விட்டு நகரக் கூடாது!" என்று கத்தினாய். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

உன் வீட்டுக்காரர் ஆரினுக்கு என் விசாரிப்பைச் சொல். என்னைக் கிண்டல் செய்யாமல் பதில் போடு.

உன்
டோலரஸ்

—

ஹேசல் ஃபோர்க், ஒஹாயோ
1981 பிப்ரவரி 3

அன்பான டோலரஸ்,

உன் கடிதத்தை ஆரினுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "டோலரஸா? நம்ம டோலரஸா?" என்று கடையிலிருந்த ஆணிப் பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டார். இன்னும் இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். கிண்டல் செய்யாதே என்றாய். செய்யவில்லை. வந்தவளை வரவேற்கிறோம், கொஞ்சம் தாமதமாக வந்தாய், அவ்வளவுதான்.

ஸ்டீவை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். என் காரட் ஜெல்லியைத் தொடக்கூட இல்லை. கறியை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சட்டையில் ஒரு பட்டன் இல்லை, தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். திரைக்குப் பின்னால் நீ யாருக்குப் போட்டாலும் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் ஜூனில் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் வருகிறது. அங்கே எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் தருவோம். கேட்ட கட்சியில்தான் அதன்பிறகு உன் பெயர் இருக்கும். இது உனக்கும் தெரியும், நாம் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம். சட்டப்படி நம் மேசையில் இரண்டு பேர் அந்தக் கட்சி, இரண்டு பேர் இந்தக் கட்சி. எங்கள் பக்கத்தில் நானும் ஹில்டாவும் இருக்கிறோம். நீயும் எங்கள் சீட்டைக் கேட்டால் உனக்கு மேசையில் இடமில்லை. ஆகையால் ஜூனில் வழக்கம்போல உங்கள் சீட்டையே கேள். ஊர் வாயும் மூடியிருக்கும், நாற்காலியும் இருக்கும்.

பிள்ளைகளின் புகைப்படம் அனுப்பு.

வெர்னா

—

ஹூஸ்டன்
1981 ஏப்ரல் 10

அன்புள்ள வெர்னாவுக்கு,

போன வாரம் முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதவிக்கு வந்து பூ மாலை வாடுவதற்குள் மனிதரைச் சுட்டுவிட்டார்களே! முன்பு எங்கள் ஜனாதிபதியை இப்படித்தான் சுட்டுக் கொன்ற நாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றைக்கு நீதான் கடையை மூடிவிட்டு என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாய். அவர் உங்கள் கட்சி இல்லை, உங்கள் சபை இல்லை. ஆனாலும் என்னோடு சேர்ந்து அழுதாய். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே இந்த ஆளுக்காக ஜெபமாலை சொன்னேன். பிழைத்துக்கொண்டார். வைத்தியர்களிடம் வேடிக்கை வேறு பேசினாராம். ஸ்டீவ் தொலைபேசியில், "இந்த ஆளு நம்மள மாதிரிடீ, அடி வாங்கினாலும் சிரிக்கிறான்" என்கிறார். கிளப்பில் பாதிப் பேர் இப்போது அந்தப் பக்கமாம்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஜூனில் வாய்விட்டுக் கேட்கப்போகிறேன். திரைக்குப் பின்னால் ஒன்று, மேசைக்கு முன்னால் ஒன்று என்று எனக்கு நடிக்கத் தெரியவில்லை வெர்னா. நவம்பரில் ஒருநாள் நடித்ததே நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது. நாற்காலி போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். போனால் எனக்குத் துக்கம்தான். ஆனால் பொய் சொல்லிக்கொண்டு அதில் உட்கார்ந்தால் அது என்ன உட்காருதல்?

இத்தோடு பிள்ளைகளின் புகைப்படம் வைத்திருக்கிறேன். இடதுபக்கம் இருப்பவன் டேனி. இல்லை, வலதுபக்கம் என்கிறாள் மார்லீன்.

உன்
டோலரஸ்

—

ஹேசல் ஃபோர்க்
1981 ஏப்ரல் 21

டோலரஸ்,

வேண்டாம்.

நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். நீ எங்கள் கட்சிக்கு வந்தால் எங்களுக்கு ஒரு ஓட்டுக் கூடும். அந்த ஒரு ஓட்டு எனக்கு வேண்டாம், நீ எதிரில் உட்கார்ந்தால் போதும். ஹில்டாவோடு ஒரு நாள் முழுக்க நான் என்ன பேசுவேன்? அவள் பின்னல் ஊசியை எடுத்தால் வைப்பதில்லை. சட்டத்தில் இருக்கிறபடி நடக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே இதைச் சொல்கிறேன் என்றால் யோசித்துப்பார்.

இங்கே இன்னும் உருளைக்கிழங்கு நடவில்லை. மழை.

வெர்னா

—

ஹேசல் ஃபோர்க்
1981 ஜூன் 4

திருமதி வெர்னா ஃபிஸ்டர் அவர்களுக்கு,

உன் வீடு என் வீட்டிலிருந்து நாலு தெரு. நடந்து வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாயில் என்ன வரும் என்று தெரியாததால் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து என் நாற்காலியிலிருந்து எழுந்தேன். மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். "குடியரசுக் கட்சிச் சீட்டு குடுங்க" என்றேன். ஹில்டா சீட்டை எடுத்துவிட்டாள். அப்போது நீ எழுந்து நின்றாய். இத்தனை வருஷமாக நீ எழுந்து நின்று நான் பார்த்ததில்லை, அந்தத் தீயணைப்பு வண்டியை எடுத்த வருஷத்தைத் தவிர. "நான் ஆட்சேபிக்கிறேன்" என்றாய். "இவங்க அந்தக் கட்சின்னு எனக்கு நேரடியாத் தெரியும்" என்றாய்.

என்னை வலது கையைத் தூக்கச் சொன்னாய். இந்தக் கட்சியின் கொள்கைகளை மனதார ஆதரிக்கிறேன் என்று நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பின்னால் தீயணைப்புப் பையன்கள் கார்ட்ஸ் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாதிரியாரின் சமையல்காரி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் என்னை வருஷக்கணக்காக அறிந்தவர்கள். அவர்கள் முன்னால் உண்மை பேசுவதற்கு நான் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

காலையிலிருந்து அப்படி மாறி வந்தவர்கள் எல்லோரையும் நீ கேட்டாய், அது எனக்குத் தெரியும். அவர்களிடம் உட்கார்ந்தபடி மெதுவாகக் கேட்டாய். என்னிடம் நின்றுகொண்டு கேட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியாதா? நான் வெட்கப்பட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன் என்று பார்த்தாய். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் உட்காரவில்லை.

நான் வைத்துவிட்டு வந்த நூடுல்ஸ் பாத்திரத்தை ஸ்டீவ் வந்து வாங்கிக்கொள்வார்.

டோலரஸ் ஹ்ரபோவ்ஸ்கி

—

ஹேசல் ஃபோர்க்
1981 ஜூன் 6

டோலரஸ்,

ஆட்சேபிக்க வேண்டியது என் கடமை. என் சொந்தத் தம்பி வந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

நின்றுகொண்டு கேட்டது கடமை இல்லை. நீ சொன்னது சரி. நீ கையைக் கீழே போட்டுவிடுவாய் என்று நினைத்தேன். போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வெர்னா

—

ஹேசல் ஃபோர்க்
1981 நவம்பர் 4

அன்பான டோலரஸ்,

நீ மறுபடியும் ஹூஸ்டன் போனது உன் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சரி.

நேற்று மேயர் தேர்தல். உன் நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை. வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்து தானே தின்றுவிட்டாள். பழக்கதோஷத்தில் நான் ஹாம் சாண்ட்விச்சை உனக்கும் சேர்த்துச் செய்துகொண்டு போயிருந்தேன். "ஊறுகாய் போடாம எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடும்மா" என்று அவளிடம் நீட்டினேன். "எனக்கு ஊறுகாய் வேணுமே" என்றாள். எனக்கு என்ன கோபம் வந்தது தெரியுமா! ஊறுகாய் பிடிக்காதது உனக்குத்தானே, அந்தப் பெண் என்ன செய்யும்?

பாதிரியாரின் சமையல்காரி ஓட்டுப் போட வந்தாள். உன் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெர்னா

—

ஹேசல் ஃபோர்க்
1982 பிப்ரவரி 18

அன்பான டோலரஸ்,

நீ பதில் போடவில்லை. நான் எழுதுகிறேன்.

கடையை மூடுகிறோம். என் அப்பா கட்டிய கடை. ஆணி வாங்க ஆள் வேண்டும், ஆணி வாங்குகிறவனுக்கு வேலை வேண்டும். வங்கி வட்டியைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ஆரின் ஒவ்வொரு அலமாரியாகக் காலி செய்கிறார். நேற்று, "எல்லாம் சரியாப் போயிரும்னு சொன்னாங்களேடீ, நம்ம ஆளுங்கதானே சொன்னாங்க" என்று என்னைக் கேட்டார். நானும்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

ஊர் மறுபடியும் உன் பழைய கட்சிப் பக்கம் திரும்புகிறது. போன வருஷம் நான் சத்தியம் வாங்கிய ஆட்களே தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க கட்சிய நம்பி வந்தோமே" என்கிறார்கள். ஸ்டீவ் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. வந்து ஆரினோடு அலமாரி தூக்கினார். இந்த முறை ஜெல்லியைச் சாப்பிட்டார். உன்மேல் சத்தியம், முழுக்கச் சாப்பிட்டார்.

உன் பாத்திரம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டீவிடம் கொடுக்கவில்லை. நீ வந்து வாங்கிக்கொள்.

வெர்னா

—

ஹேசல் ஃபோர்க்
1982 ஜூன் 9

அன்பான டோலரஸ்,

நேற்று முதற்கட்டத் தேர்தல். அந்தச் சின்னப் பெண் கல்யாணமாகிப் போகிறாள். நவம்பருக்கு உங்கள் பழைய கட்சிப் பக்கம் ஒரு நாற்காலி காலி. இது உனக்கு உதவாது, ஏனென்றால் உன் பெயர் இப்போது எங்கள் பக்கம் இருக்கிறது. எங்கள் பக்கம் இரண்டும் நிரம்பியிருக்கிறது. இதை நான் ஒரு மாதமாக மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கூட்டம் இல்லை. நான் எழுந்தேன். மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஜனநாயகக் கட்சிச் சீட்டு குடுங்க" என்றேன்.

ஹில்டாவின் பின்னல் ஊசி கீழே விழுந்தது. நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பம் குடியரசுக் கட்சி என்று இந்த ஊரில் கல்லுக்குக்கூடத் தெரியும். யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று நின்றேன். ஹில்டா என்னையே பார்த்தாள். அந்தச் சின்னப் பெண் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "யாருமே கேக்க மாட்டீங்களா?" என்றேன். "உங்கள யாரு கேக்கறது வெர்னா?" என்றாள் ஹில்டா. "அப்ப நானே கேக்கறேன். இந்தப் பொம்பள அந்தக் கட்சின்னு எனக்கு நேரடியாத் தெரியும். நான் ஆட்சேபிக்கிறேன்" என்று சொல்லி, நானே என் வலது கையைத் தூக்கினேன். நீ சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். கார்ட்ஸ் ஆடிய பையன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நான் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவளா என்று இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஆரினின் காலி அலமாரிகளை நினைத்தால் பாதி உண்மை என்று தோன்றுகிறது. மீதிப் பாதிக்கு நான் கடவுளிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் அந்தப் பக்கம் போனதால் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகிறது. அது உன் கட்சி நாற்காலி. நான் உன் பழைய நாற்காலியில் உட்காருவேன். ஜன்னல் பக்கம், காற்று அடிக்கும், சால்வை கொண்டுபோக வேண்டும்.

நீ இல்லாத மேசையில் என்னால் உட்கார முடியவில்லை டோலரஸ். அவ்வளவுதான் விஷயம். கொள்கை, கிள்கை எல்லாம் அதற்கப்புறம்.

வெர்னா

—

ஹூஸ்டன்
1982 ஜூன் 16

அடியே வெர்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மார்லீன் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, யாரும்மா செத்துட்டாங்க?" என்றாள். "யாரும் சாகலடி, வெர்னா கட்சி மாறிட்டா" என்றேன். "அது இன்னும் மோசமால்ல இருக்கு!" என்றாள்.

நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. பதில் எழுத உட்காருவேன், அந்தத் தீயணைப்பு நிலையமும் தூக்கிய கையும் கண்முன்னே வரும், பேனாவை வைத்துவிடுவேன். கடை மூடியதற்காவது நான் எழுதியிருக்க வேண்டும். ஆரினை நினைத்து அழுதேன், எழுதவில்லை. என் கோபம் அவ்வளவு பெரியதாக இருந்தது. நீ உன்னையே ஆட்சேபித்தாய் என்று படித்த இடத்தில் அது போய்விட்டது. ஊரே பார்க்க, தனக்குத் தானே எதிராக எழுந்து நிற்க உன்னைத் தவிர யாரால் முடியும்?

இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீ என்னை உதைக்கக் கூடாது. எனக்கும் இந்த ஆள்மேல் இருந்த ஆசையெல்லாம் தீர்ந்துவிட்டது. ஸ்டீவுக்கும்தான். வேலை வரும் வரும் என்றார்கள், சொன்ன வேலையையும் காணோம், இருந்ததையும் காணோம். போன வாரத் தேர்தலுக்கு ஊருக்கு வந்து, உன் முன்னால் நின்று, "என் பழைய கட்சிச் சீட்டக் குடு, வேணும்னா மறுபடி ஆட்சேபி" என்று கேட்க நாள் குறித்து வைத்திருந்தேன். பயணச்சீட்டுக்கூட வாங்கிவிட்டேன். அந்த வாரம் பார்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டுவிட்டது. நான் மட்டும் வந்திருந்தால் நாம் இரண்டு பேரும் மறுபடி ஒரே கட்சியில் நின்றுகொண்டு முழித்திருப்போம். அந்த அம்மைக்கு நான் மெழுகுவத்தி ஏற்றப்போகிறேன்.

ஆகையால் நான் மாறப்போவதில்லை. நீ போன இடத்தில் நீ இரு, நான் வந்த இடத்தில் நான் இருக்கிறேன். போன வருஷம் திரைக்குப் பின்னால் ஒன்று, மேசைக்கு முன்னால் ஒன்று எனக்கு ஆகாது என்று உன்னிடம் எவ்வளவு பெரிய பேச்சுப் பேசினேன்! இப்போது தெரிந்தே குடியரசுக் கட்சிக்காரியாக உட்காரப்போகிறேன், மனதில் ஒரு துளி குடியரசுக் கட்சி இல்லாமல். முள் குத்துமா என்று பார்த்தேன். குத்தவில்லை வெர்னா. சத்தியமாகக் குத்தவில்லை.

தேர்தல் அலுவலகத்துக்கு இன்றே எழுதிப் போட்டுவிட்டேன், நவம்பரில் நீ விட்ட அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று. இலையுதிர்காலத்துக்குள் வந்துவிடுவேன். நீ திரைக்குப் பின்னால் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நான் போகும்போது நீ திரும்பிக்கொள். அங்கே யார் யாருக்குப் போடுகிறோம் என்று நாம் ஒருவரையொருவர் சாகும்வரை கேட்க வேண்டாம்.

உன் எதிர்க்கட்சிக்காரி,
டோலரஸ்